பெனால்டி ஷூட்-அவுட்: முதலில் உதைப்பவருக்குத்தான் சாதகமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கால்பந்து ஆட்டம் சமமாக முடிந்தால் வரும் பெனால்டி ஷூட்-அவுட்டில் இரண்டு அணிக்கும் தலா ஐந்து உதை. தூரம் ஒன்று, கோல் கம்பம் ஒன்று. அப்படியிருக்க, யார் முதலில் உதைத்தால் என்ன? வரிசையில் அநியாயம் எங்கிருந்து வருகிறது?

உங்கள் சந்தேகம் சரியான இடத்தில்தான் எழுகிறது. வரிசையால் மட்டும் எந்த அநியாயமும் வராது. இரு அணியினரும் எந்த நிலையிலும் 75 சதவீதம் கோல் அடிப்பார்கள் என்று வைத்துக்கொண்டால், முதலில் உதைத்தாலும் இரண்டாவதாக உதைத்தாலும் வெற்றி வாய்ப்பு 50-50தான். கணக்கில் ஒரு துளியும் மாறாது.

இரண்டாவதாக வருபவரின் கோல் விகிதம் அழுத்தத்தால் குறைந்தால்தான் சிக்கல். பெனால்டிகளில் பெரும்பாலானவை கோலாகிவிடுவதால், இரண்டாவதாக உதைக்கும் அணி பெரும்பாலும் ஒரு கோல் பின்தங்கிய நிலையிலேயே பந்தை வெள்ளைப் புள்ளியில் வைக்கிறது. எதிரணியின் கோலைப் பார்த்துவிட்டு, 'இதைத் தவறவிட்டால் போச்சு' என்ற நினைப்போடு நடந்து வரவேண்டும்.

இந்த நினைப்பு எவ்வளவு கனமானது என்பதை கெய்ர் யோர்டெட், எஸ்தர் ஹார்ட்மன் ஆகியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பெரிய போட்டித் தொடர்களில், 'அடித்தால் வெற்றி' என்ற நிலையில் உதைத்தவர்கள் பத்துக்கு ஒன்பது பேர் அளவுக்குக் கோல் அடித்திருந்தார்கள். 'தவறினால் தோல்வி' என்ற நிலையில் அது பத்துக்கு ஆறு என்ற அளவுக்குச் சரிந்தது. புள்ளியும் அதே, பந்தும் அதே. தலைக்குள் ஓடுவது மட்டும்தான் வேறு.

சிறிய சரிவு எப்படிப் பெரிதாகிறது என்று பாருங்கள். முதல் அணி 75 சதவீதம், இரண்டாம் அணி 70 சதவீதம் என்று வைப்போம். சடன் டெத்தில் (ஐந்து சுற்றும் சமமானால், ஓர் அணி அடித்து மற்றது தவறும்வரை சுற்றுச் சுற்றாகத் தொடர்வது) ஒரு சுற்றில் முதல் அணி வெல்ல, அது அடித்து மற்றது தவறவேண்டும்: 0.75 × 0.30 = 0.225. இரண்டாம் அணி வெல்ல 0.70 × 0.25 = 0.175. மீதி 0.60 வாய்ப்பில் அடுத்த சுற்று. ஆக, யாரோ ஒருவர் வெல்லும் சுற்றுகளை மட்டும் எடுத்தால் 0.225 / 0.400, அதாவது 56.25 சதவீதம் முதல் அணிக்கு. ஐந்து உதைகளில் தொடங்கி முழு ஷூட்-அவுட்டையும் கணக்கிட்டால் இது 58.5 சதவீதம் ஆகிறது. ஒவ்வொரு உதையிலும் வெறும் 5 சதவீதப் புள்ளிச் சரிவு, முடிவில் 58.5க்கு 41.5. பிரச்சினையின் வேர் இந்தப் பெருக்கம்தான்.

கேள்வி: "முதலில் உதைக்கும் அணி 60 சதவீதம் ஜெயிக்கும்" என்று வர்ணனையாளர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். இது நிரூபணமான உண்மையா?

இல்லை. அந்த எண்ணுக்கு ஒரு பிறப்பிடம் உண்டு, அதற்குப் பிறகு வந்த மறுப்பும் உண்டு. வர்ணனையில் முதல் பாதி மட்டும் தங்கிவிட்டது.

ஹோசே அபெஸ்டேகியா, இக்னாசியோ பலாசியோஸ்-வெர்ட்டா என்ற இரண்டு பொருளியல் ஆய்வாளர்கள் 2010இல் 129 ஷூட்-அவுட்களை ஆராய்ந்து, முதலில் உதைத்த அணிகள் 60.5 சதவீதம் வென்றதாகக் கண்டார்கள். அவர்கள் 2003 வரையிலான ஆட்டங்களை எடுத்ததற்கு ஒரு நல்ல காரணம் இருந்தது. அதுவரை டாஸ் வென்ற அணி முதலில் உதைத்தே ஆகவேண்டும். யார் முதலில் என்பதை நாணயம் மட்டுமே முடிவு செய்ததால், அது தானாகவே ஒரு பரிசோதனையாக அமைந்துவிட்டது. 2003இல் விதி மாறி, முதலிலா இரண்டாவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை டாஸ் வென்ற அணிக்கு வந்தது. அதன் பிறகான ஆட்டங்களில் முதலில் உதைக்கும் அணி, அதை விரும்பிக் கேட்ட அணியாகவும் இருக்கலாம். வரிசையின் விளைவையும் அணியின் தன்மையையும் பிரித்தெடுப்பது கடினம்.

2012இல் மார்ட்டின் கோச்சர், மார்க் லென்ஸ், மத்தியாஸ் சுட்டர் மூவரும் அதே 1970–2003 காலத்துக்கு 540 ஷூட்-அவுட்களைத் திரட்டினார்கள். அதில் முதல் அணியின் வெற்றி 53.3 சதவீதம். 50இலிருந்து வேறுபடுத்திச் சொல்ல அது போதாது. 2014இல் பலாசியோஸ்-வெர்ட்டா தன் பட்டியலை ஆயிரத்துக்கு மேல் விரித்து மீண்டும் 60ஐ ஒட்டிய எண்ணையே தந்தார். அதன் பிறகு பல ஆயிரம் ஷூட்-அவுட்களைச் சேர்த்த ஆய்வில் சாதகம் எதுவும் தென்படவில்லை.

எண்ணிக்கை ஏன் இவ்வளவு முக்கியம்? எந்தச் சாய்வும் இல்லாத நாணயத்தை 100 முறை சுண்டினாலே 40 முதல் 60 வரை எங்கு வேண்டுமானாலும் தலை விழலாம். 1,000 முறை சுண்டினால் அந்த வீச்சு 47–53 சதவீதத்துக்குள் அடங்கும். அதனால் உலகக் கோப்பை ஒன்றை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. 2018இல் நான்கு ஷூட்-அவுட்கள் நடந்தன. ஸ்பெயின், டென்மார்க், கொலம்பியா, ரஷ்யா முதலில் உதைத்தன, நான்கும் தோற்றன. 2022இல் ஐந்து நடந்தன. முதலில் உதைத்தவர்களில் மொராக்கோவும் குரோஷியாவும் வென்றன. ஜப்பான், நெதர்லாந்து, இறுதியாட்டத்தில் பிரான்ஸ் தோற்றன. ஒன்பதில் இரண்டு. இதை வைத்து 'இரண்டாவதாக உதைப்பதே மேல்' என்று எழுதியவர்களும் உண்டு. ஒன்பது என்ற எண் அந்த முடிவைத் தாங்காது.

எங்கள் மதிப்பீடு: சாதகம் இருந்தால், 60ஐவிட 53க்கு அருகில்தான் இருக்கும். மேலே சொன்ன கணக்கின்படி 53 என்பது ஓர் உதைக்கு 2 புள்ளி அளவு சரிவு. நேரில் பார்க்கும் யார் கண்ணுக்கும் அது தெரியாது. ஆனால் கோப்பை கைமாற அதுவே போதும் என்பதால், சரிசெய்யத் தகுந்த விஷயம் என்றே நினைக்கிறோம்.

கேள்வி: டாஸ் ஒரு முறையா, இரண்டு முறையா? தொலைக்காட்சியில் பார்க்கும்போது குழப்பமாக இருக்கிறது.

இரண்டு முறை. முதல் சுண்டலில் எந்த கோல் பக்கம் உதைப்பது என்று முடிவாகும். தரை கெட்டுப்போயிருந்தாலோ பாதுகாப்புக் காரணம் இருந்தாலோ நடுவரே பக்கத்தைத் தீர்மானிக்கலாம். இரண்டாவது சுண்டலில் வென்ற அணி முதலிலா, இரண்டாவதா என்று சொல்லும். பிறகு மாறி மாறி உதை. மீதமுள்ள உதைகளால் எட்டிப்பிடிக்க முடியாத நிலை வந்தவுடன் ஆட்டம் முடியும். குறைந்தது ஆறு உதையாவது நடந்தாகவேண்டும் (3-0). ஐந்து சுற்றிலும் சமமானால் சடன் டெத்.

பலருக்குத் தெரியாத ஒரு விவரம்: யார் எந்த எண்ணில் உதைப்பார்கள் என்ற பட்டியலை நடுவரிடம் கொடுக்க வேண்டியதில்லை. டாஸ் முடிவைப் பார்த்த பிறகும், ஏன் ஷூட்-அவுட் நடந்துகொண்டிருக்கும்போதும்கூட, அணி தன் ஆட்களின் வரிசையை மாற்றலாம்.

கேள்வி: எங்கள் அணியின் சிறந்த பெனால்டி வீரரை ஐந்தாவதாக வைப்பதா, முதலில் வைப்பதா? நாங்கள் இரண்டாவதாக உதைக்க நேர்ந்தால் இது மாறுமா?

கட்டாயம் மாறும். இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். இரு அணியும் 75 சதவீதம் என்று கொண்டால், முதலில் உதைக்கும் அணியின் ஐந்தாம் ஆளுக்கு வாய்ப்பு வருவது 79 சதவீத ஷூட்-அவுட்களில். இரண்டாவதாக உதைக்கும் அணியின் ஐந்தாம் ஆளுக்கு 56 சதவீதத்தில் மட்டும். ஆட்டம் அதற்குள் முடிந்துவிடுகிறது. அதே அணியின் நான்காம் ஆளுக்கு 92 சதவீதம்.

2012 யூரோ அரையிறுதியில் ஸ்பெயின் முதலில் உதைத்தது. போர்ச்சுகல் கிறிஸ்டியானோ ரொனால்டோவை ஐந்தாவதாக வைத்திருந்தது. புருனோ ஆல்வெஸின் நான்காவது உதை குறுக்குக் கம்பத்தில் பட்டு வெளியேற, செஸ்க் ஃபாப்ரிகாஸ் தன் உதையைக் கோலாக்கினார். 4-2. ரொனால்டோ பந்தைத் தொடவே இல்லை.

ஆகவே இரண்டாவதாக உதைக்கும் அணி தன் சிறந்த வீரரை ஐந்தாம் இடத்தில் பூட்டி வைக்கக் கூடாது. முதல் நான்கு இடங்களுக்குள் அவர் வந்துவிடவேண்டும். முதலில் உதைக்கும் அணிக்கு ஐந்தாம் இடம் அவ்வளவு ஆபத்தில்லை, ஆனாலும் ஐந்தில் ஒரு முறை வீணாகும். டாஸுக்கு முன்பே இரண்டு பட்டியல் தயாராக இருக்கட்டும்: 'முதலில்' என்றால் ஒன்று, 'இரண்டாவது' என்றால் மற்றொன்று. மைய வட்டத்தில் நின்றுகொண்டு 'நீ போறியா, நான் போகவா' என்று பேசத் தொடங்கினால் அந்தத் தயக்கம் அடுத்தடுத்த ஆட்களுக்கும் தொற்றும்.

இன்னொரு விஷயம். சடன் டெத்தில் முதலில் உதைக்கும் அணிக்கு 'அடித்தால் உடனே வெற்றி' என்ற உதையும் கிடையாது, 'தவறினால் உடனே தோல்வி' என்ற உதையும் கிடையாது. அவர் என்ன செய்தாலும் எதிராளிக்கு ஒரு பதில் உதை உண்டு. இரண்டாவதாக வருபவருக்கோ ஒவ்வோர் உதையும் இந்த இரண்டில் ஒன்று. எனவே இரண்டாவதாக உதைக்கும் அணியின் ஆறாம், ஏழாம் ஆட்களை 'மிச்சம் மீதி' என்று விடாதீர்கள். பயிற்சியில் அவர்களுக்கு 'தவறினால் முடிந்தது' என்ற நிலையை வைத்தே உதைக்கப் பழக்குங்கள்.

கேள்வி: ஏபிபிஏ முறை என்று ஒன்று வந்ததே, அது என்ன ஆனது? ஏன் கைவிட்டார்கள்?

டென்னிஸ் டை-பிரேக்கில் நடப்பதுதான் அது. ஒருவர் முதலில் ஒரு சர்வீஸ், அடுத்தவர் இரண்டு, மறுபடி இவர் இரண்டு. கால்பந்தில் அ அணி, ஆ அணி என்று வைத்தால்: அ, ஆ – ஆ, அ – அ, ஆ – ஆ, அ – அ, ஆ. ஒரு சுற்றில் பின்தொடரும் அணி அடுத்த சுற்றில் முன்செல்லும்.

விதிகளை வகுக்கும் ஐஎஃப்ஏபி 2017 மார்ச்சில் இதைச் சோதிக்க அனுமதித்தது. அந்த மே மாதம் ஐரோப்பிய 17 வயதுக்குட்பட்டோர் தொடர்களில் தொடங்கியது. ஆகஸ்டில் வெம்ப்ளியில் ஆர்செனல்–செல்சி கம்யூனிட்டி ஷீல்டு ஆட்டத்தில் பெரிய மேடைக்கு வந்தது. கேரி கேஹில் செல்சிக்குக் கோல் அடித்தார். ஆர்செனலின் வால்காட்டும் மொன்ரியலும் அடுத்தடுத்து அடித்தார்கள். இப்போது செல்சிக்கு இரண்டு உதை. கோல்கீப்பர் கூர்ட்வா பந்தைக் கம்பத்துக்கு மேலே அனுப்பினார், மொராட்டா பக்கவாட்டில் விட்டார். பிறகு ஆக்ஸ்லேட்-சேம்பர்லெய்ன், ஜிரூ இருவரும் அடித்து 4-1 என்று முடித்தார்கள். ஓர் அணி தொடர்ந்து இரண்டு முறை தவறினால் கண்மூடித் திறப்பதற்குள் கதை முடிந்துவிடும் என்பதைப் பார்வையாளர்கள் அன்றே கண்டார்கள்.

அந்தப் பருவத்தில் இங்கிலாந்தின் லீக் கோப்பையும் இதைப் பின்பற்றியது. 2018 நவம்பரில் ஐஎஃப்ஏபி இதைக் கைவிட்டது. வலுவான ஆதரவு இல்லை, நடைமுறை சிக்கலாக இருக்கிறது என்பதே சொன்ன காரணம். நியாயமில்லை என்று நிரூபணமானதால் அல்ல. இதைத்தான் எங்களால் ஏற்க முடியவில்லை. மேலே சொன்ன 75/70 கணக்கில் பழைய முறை முதல் அணிக்கு 58.5 சதவீதம் தருகிறது. ஏபிபிஏ அதை 51ஐ ஒட்டிக் கொண்டுவருகிறது. பார்வையாளருக்குப் பழக இரண்டு மூன்று பருவம் எடுத்திருக்கும், அவ்வளவுதான். டென்னிஸ் ரசிகர்கள் யாரும் டை-பிரேக்கில் குழம்பி எழுந்து போவதில்லை. ஹாக்கியிலும்கூட ஐந்து ஐந்தாக முடிந்து அடுத்த தொடர் தொடங்கும்போது வரிசை தலைகீழாகிறது.

கேள்வி: நண்பர்களுக்குள் நடத்தும் தொடரில் ஏபிபிஏ வைக்க ஆசை. ஸ்கோர் எழுதுவதில் என்ன கவனிக்கவேண்டும்?

அதிகாரபூர்வ விதிகளின்கீழ் நடக்கும் தொடரில் இப்போது வைக்க முடியாது. நண்பர்களுக்குள் என்றால் தொடர் தொடங்குமுன் எல்லா அணியும் ஒப்புக்கொண்டு எழுதி வைத்துவிடுங்கள்.

தாளில் 1 முதல் 10 வரை எண் எழுதி, 1, 4, 5, 8, 9 எதிரில் அ அணி, 2, 3, 6, 7, 10 எதிரில் ஆ அணி என்று ஆட்டத்துக்கு முன்பே நிரப்புங்கள். நினைவில் வைத்துக் கூப்பிடலாம் என்று விட்டால் நான்காவது உதையிலேயே தடுமாற்றம் வரும். அடிக்கடி தகராறு கிளம்பும் இடம் பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவே. 10ஆம் உதையும் ஆ அணி, சடன் டெத்தின் முதல் உதையான 11ஆம் உதையும் ஆ அணி. 'அவர்களுக்கு மட்டும் இரண்டா?' என்று கூச்சல் எழும். 11–12, 13–14 என்று ஜோடி ஜோடியாகக் கோடு போட்டு, ஜோடி முடிந்த பிறகே வித்தியாசம் பாருங்கள். கோல்கீப்பர்களும் இரண்டு உதைக்கு ஒருமுறைதான் இடம் மாறுவார்கள். முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால் ஒவ்வோர் உதைக்கும் நடந்து வந்து திரும்புவார்கள்.

கேள்வி: ஏபிபிஏவிலும் முதல் சுற்று, மூன்றாம் சுற்று, ஐந்தாம் சுற்று என்று அ அணிக்கு மூன்று முறை முன்னுரிமை வருகிறதே? முழு நியாயமான முறை உண்டா?

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். சடன் டெத்தை மட்டும் எடுத்தாலும், மேற்படி எண்களில் ஏபிபிஏ முதல் அணிக்கு 51.6 சதவீதம் விடுகிறது. காரணம், முதல் சுற்றிலேயே ஆட்டம் முடியும் வாய்ப்பு கணிசமானது. பின்னால் வரும் ஈடு பல ஆட்டங்களில் வந்து சேருவதே இல்லை.

இதற்கு மேல் ஒரு படி, வரிசையின் வரிசையையும் புரட்டுவது: அ ஆ ஆ அ, பிறகு ஆ அ அ ஆ, அடுத்த எட்டு அதற்கு நேரெதிர். கணிதத்தில் தூ–மோர்ஸ் தொடர் என்று இதைச் சொல்வார்கள். சுற்றுகளின் முன்னுரிமையை இப்படி மாற்றினால் 51.6 என்பது 50.5 ஆகிறது. ஆனால் மைதானத்தில் இதை யாரும் மனத்தில் பின்தொடர முடியாது. அந்த ஒரு புள்ளிக்காக இவ்வளவு குழப்பம் தேவையில்லை என்பது எங்கள் எண்ணம்.

ஸ்டீவன் பிராம்ஸும் மெஹ்மத் இஸ்மாயிலும் முன்வைத்த 'கேட்ச்-அப்' விதி வேறு வகை. ஒரு சுற்றில் ஓர் அணி அடித்து மற்றது தவறினால், தவறிய அணி அடுத்த சுற்றில் முதலில் உதைக்கும். இருவரும் அடித்தாலோ இருவரும் தவறினாலோ வரிசை மாறும். இதைப் பின்தொடர்வது எளிது. ஆனால் பின்தங்கியவருக்குக் கைகொடுப்பது வரிசையைச் சமன்செய்வதிலிருந்து வேறொரு நோக்கம். முதலில் உதைப்பது உண்மையிலேயே சாதகம் என்று உறுதியானால்தான் அதற்குப் பொருளும் உண்டு.

கேள்வி: ஓர் அணியில் ஒருவர் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போய்விட்டால் 11 பேர் அணிக்குத்தானே நன்மை?

தலைகீழ். ஒருவர்கூட மீதமில்லாமல் எல்லோரும் உதைத்த பிறகே யாரும் இரண்டாம் முறை உதைக்க முடியும். 10 பேர் அணி பதினொன்றாவது உதைக்குத் தன் சிறந்த ஆளைத் திரும்ப அழைத்துவிடும். அதே நேரம் 11 பேர் அணி தன் மிக மோசமான ஆளை அனுப்பவேண்டியிருக்கும். இதைத் தடுக்கத்தான் கூடுதல் ஆள் உள்ள அணி ஒருவரை விலக்கி எண்ணிக்கையைச் சமமாக்கவேண்டும் என்று விதி இருக்கிறது. விலக்கப்படுபவர் கோல்கீப்பராகவும் இருக்கலாம். யாரை விலக்குகிறோம் என்று நடுவரிடம் சொல்லிவிடவேண்டும்; கோல்கீப்பருக்குக் காயம் ஏற்பட்டால் அவர் இடத்துக்கு வர அந்த விலக்கப்பட்டவருக்கு அனுமதி உண்டு.

கேள்வி: கோல்கீப்பர் கோட்டை விட்டு முன்னே வந்ததால் மறு உதை கொடுத்தால் வரிசை மாறுமா?

மாறாது. மறு உதை அதே முறையின் தொடர்ச்சி. அது முடிந்த பிறகே எதிரணி. உதைக்கும் நொடியில் கோல்கீப்பரின் ஒரு பாதத்தின் ஒரு பகுதியாவது கோட்டின் மேலோ, கோட்டுக்கு நேராகவோ, பின்னாலோ இருக்கவேண்டும். அப்படி இல்லாமல் பந்தைத் தடுத்தால் மறு உதை. முதல் முறை எச்சரிக்கை, அடுத்த முறை மஞ்சள் அட்டை. அவர் தொடாமலேயே பந்து வெளியே போயிருந்தால், அவர் நகர்ந்தது உதைத்தவரைத் தெளிவாகப் பாதித்திருந்தால் மட்டுமே மறு உதை. தவறு உதைப்பவருடையது என்றால் கதை வேறு. ஓட்டத்தை முடித்தபின் காலை நிறுத்தி ஏமாற்றினால் அந்த உதை தவறியதாகவே எழுதப்படும், மஞ்சள் அட்டையும் கிடைக்கும். உதைக்கும்போது பந்து தற்செயலாக மற்றக் காலிலும் பட்டு கோலானால், 2025 ஜூனில் ஐஎஃப்ஏபி தந்த விளக்கத்தின்படி, மறு உதை. கோலாகாவிட்டால் தவறியதாகக் கணக்கு.